அமுக்கராவைக் கொடுப்பதற்கு ஒரு முறை உண்டு, அதையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் மன அழுத்தம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தூக்கமின்மை, படபடப்பு, தேர்வு பயம் என எல்லாவற்றுக்கும் அஸ்வகந்தா, அதாவது நம் அமுக்கரா, கைகண்ட மருந்து என்றும், பக்கவிளைவே இல்லாதது என்றும், வயது வித்தியாசமின்றி யாரும் சாப்பிடலாம் என்றும் அதில் இருந்தது. எவ்வளவு, எந்தப் பாகம், எத்தனை நாள், யாருக்குக் கூடாது என்ற நான்கில் ஒன்றுகூட இல்லை. மறுநாள் காலை அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டே பலர் எங்கள் கடைக்கு வந்தார்கள். அவர்களில் ஒரு பெண் ஆறு மாதக் கர்ப்பிணி. மாமியாருக்குத் தெரியாமல் வந்ததாகச் சொன்னார். இரவில் தூக்கம் வரவில்லை, பேப்பரில் போட்டிருக்கிறதே அக்கா, கொடுங்கள் என்றார். கொடுக்கவில்லை. அவருக்கு என்மீது வருத்தம்தான். ஆனால் அந்த வருத்தம் உங்கள் பக்கத்திலிருந்துதானே வந்தது? அதனால்தான் இந்தக் கடிதம்.

விருதுநகரில் எங்கள் குடும்பம் நாட்டு மருந்துக் கடை நடத்துகிறது. தாவரவியல் படித்துவிட்டு இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள் நான். செடிகளின் குடும்பப் பெயரையும் இனப் பெயரையும் கல்லூரியில் கற்றேன், சரக்கைக் கற்றுக் கொடுத்தவர் மாமா. அமுக்கரா கேட்டு யார் வந்தாலும் மூன்று கேள்வி கேட்காமல் தராசைத் தொடமாட்டார். யாருக்கு? என்ன வயது? வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார்? கர்ப்பிணிக்கு என்றால் வைத்தியரின் சீட்டு இல்லாமல் பொட்டலம் கட்டமாட்டார். பித்த உடம்பு, கண் மஞ்சளாக இருக்கிறது, சிறுநீர் மஞ்சளாகப் போகிறது என்று யாராவது பேச்சோடு சொல்லிவிட்டால், இதை விடு, முதலில் ஆஸ்பத்திரிக்குப் போ என்பார். அவர் ஆராய்ச்சிக் கட்டுரை எதையும் படித்தவரல்ல. இன்று உலகத்து மருத்துவ இதழ்கள் இந்த மூலிகையைப் பற்றி எழுப்பும் கேள்விகளில் பாதி, அவர் தராசுக்குப் பின்னால் நின்று கேட்ட கேள்விகள்தான்.

செடியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. கத்தரி, தக்காளி, மணத்தக்காளி குடும்பத்தைச் சேர்ந்த குறுஞ்செடி இது. இடுப்பளவு வளரும். இலையிலும் தண்டிலும் சாம்பல் நிறத்தில் மெல்லிய ரோமம். பூ சிறியது, பச்சை கலந்த மஞ்சள், கண்ணில் படாது. காய்த்தபின் காகிதம்போன்ற ஒரு பைக்குள் பட்டாணி அளவில் சிவந்த பழம் நிற்கும். தமிழ்நாட்டின் வறண்ட தரிசுகளிலும் ரோட்டோரங்களிலும் தானாக முளைத்திருப்பதைப் பார்க்கலாம். அதன் இலையை அரைத்து வீக்கத்துக்கும் கட்டிக்கும் பற்றுப் போடுவது கிராமங்களில் இன்றும் உண்டு. இது இந்தியாவுக்கு மட்டும் சொந்தமானதும் அல்ல. ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வளர்கிறது. எகிப்தில் துட்டன்காமுன் மன்னனின் உடலோடு வைக்கப்பட்ட மாலையில் இதன் சிவந்த பழங்களைக் கோத்திருந்தார்கள்.

கடைக்கு வரும் வேர் அந்தக் காட்டுச் செடியினுடையது அல்ல. வியாபாரத்தில் சீமை அமுக்கரா என்கிறோம். பெரும்பகுதி மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்த்சௌர் பக்கத்து வயல்களில் விளைகிறது. மழைக்காலத்தில் விதைத்து, ஐந்தாறு மாதம் கழித்துச் செடியை வேரோடு பிடுங்குகிறார்கள். தண்டை வெட்டி நீக்கி, வேரைக் காயவைத்து, பருமன் பார்த்துத் தரம் பிரித்து மூட்டையாக அனுப்புகிறார்கள். நல்ல வேர் விரல் பருமன் இருக்கும், ஒடித்தால் படக்கென்று முறியும், உள்ளே வெள்ளையாக மாவு மாதிரி இருக்கும். நார் நாராகக் கிழிந்தாலோ உள்ளே கறுத்திருந்தாலோ மாமா மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவார். தண்டை வெட்டி நீக்கும் அந்த வேலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

உங்கள் கட்டுரை இதை மனதுக்கான மருந்து என்று மட்டுமே சொல்கிறது. பழைய நூல்கள் அப்படித் தொடங்கவில்லை. ஆயுர்வேதத்தின் பழைய நூலான சரக சம்ஹிதை மூலிகைகளைப் பத்துப் பத்தாக வகுத்துத் தருகிறது. அதில் பலம் தருபவை, உடலைப் பெருக்கச் செய்பவை என்ற இரண்டு தொகுப்பிலும் அஸ்வகந்தா இருக்கிறது. நம் சித்த மருத்துவமும் உடல்தேற்றி, வீக்கம் கரைச்சி, உறக்கமுண்டாக்கி என்று இதன் செய்கைகளைச் சேர்த்தே சொல்கிறது. நோயில் படுத்து எழுந்தவர், இளைத்துப்போனவர், வயதாகி மூட்டு வலியில் இரவெல்லாம் புரண்டு படுப்பவர், பாலூட்டித் தளர்ந்தவர் என்று இத்தகையவர்களுக்குத்தான் வைத்தியர்கள் இதை எழுதிக் கொடுத்தார்கள். உடம்பு தேறியது, வலி குறைந்தது, தூக்கம் வந்தது, மனம் அமைதியானது. அமைதி அந்த வரிசையில் வந்தது. நன்றாகச் சாப்பிட்டு, இரவு இரண்டு மணிவரை கைபேசியைப் பார்த்துவிட்டுத் தூக்கம் வரவில்லை என்று சொல்லும் இளைஞருக்கு இந்த வேரைத் தருவதற்கு எந்த ஏட்டிலும் இடமில்லை.

கொடுக்கும் விதத்திலும் நம் வைத்தியர்கள் எத்தனை கவனமாக இருந்தார்கள் என்பதற்கு அமுக்கராச் சூரணமே சாட்சி. கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. ஒவ்வொன்றும் முந்தையதைப் போல இரண்டு மடங்கு. இந்தக் கணக்கை முதன்முதலாக மாமாவின் நோட்டில் பார்த்தபோது எனக்கு உண்டான வியப்பு இன்னும் குறையவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் மனதில் வைத்துக்கொள்ளலாம், ஒரு சரக்கின் அளவு தெரிந்தால் மற்றவை தானாக வந்துவிடும். கூட்டிப் பாருங்கள், மொத்தம் 255 பங்கில் அமுக்கரா 64, ஏறத்தாழ நான்கில் ஒன்றுதான். மந்தமான, எளிதில் செரிக்காத வேர் என்பதால்தான் சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றையும் சேர்த்திருக்கிறார்கள். இந்தச் சூரணத்தில் ஒரு கிராம் முதல் இரண்டு கிராம் வரை காலையும் மாலையும் பாலிலோ தேனிலோ நெய்யிலோ கொடுப்பார்கள். அப்படியென்றால் ஒரு நாளைக்கு உள்ளே போகும் அமுக்கரா ஒரு கிராம் அளவு, அதற்குள்தான். தனி வேர்ப் பொடியாகக் கொடுக்கும்போது அரசின் மருந்துத் தர நூலான ஆயுர்வேத பார்மகோபியா 3 முதல் 6 கிராம் வரை அனுமதிக்கிறது, ஆனால் அதுவும் ஒருவரின் உடம்பைப் பார்த்து வைத்தியர் முடிவு செய்வது.

சூரணத்தில் சேர்ப்பதற்கு முன்னால் வேரைச் சுத்தி செய்ய வேண்டும். பானையில் பாலும் தண்ணீரும் ஊற்றி, வாயில் துணியைக் கட்டி, அதன்மேல் வேர்ப் பொடியைப் பரப்பி, மூடிவைத்துப் பிட்டு அவிப்பதைப்போல அவிப்பார்கள். இதற்குப் பிட்டவியல் என்று பெயர். பிறகு நிழலில் உலர்த்தி, மறுபடி இடித்து, வஸ்திரகாயம் செய்வார்கள், அதாவது துணியில் சலிப்பார்கள். எங்கள் வீட்டில் மாமா இருந்தவரை பின்கட்டில் இது நடந்தது. பால் கொதிக்கும் வாசனையோடு அந்த வேரின் காட்டமான நெடி கலந்து தெருவரைக்கும் வரும். இன்று விற்பனைக்கு வரும் தனிப் பொடிப் பாக்கெட்டுகளில் இந்த வேலை நடந்ததா என்று கேட்டால் சொல்ல ஆளில்லை.

இந்த வேருக்கு வேலை செய்யும் குணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. நேர்மாறாகச் சொல்கிறேன், இது வேலை செய்கிறது, அதனால்தான் கவனம் வேண்டும் என்கிறேன். 2012 இல் ஓர் இந்திய உளவியல் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், மன அழுத்தம் உள்ள 64 பேரை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வேர்ச்சாறு 300 மில்லிகிராம் வீதம் தினம் இரு வேளையும், மற்றதற்கு வெற்று மாத்திரையும் 60 நாள் கொடுத்தார்கள். வேர்ச்சாறு சாப்பிட்டவர்களின் அழுத்தம் தெளிவாகக் குறைந்தது, இரத்தத்தில் கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோனின் அளவும் குறைந்தது. அதன்பிறகும் இத்தகைய ஆய்வுகள் வந்திருக்கின்றன. ஆனால் பெரும்பாலானவை சிறியவை, இரண்டு மூன்று மாதத்தோடு முடிந்துவிடுபவை. வருடக்கணக்கில் தினமும் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவை விடை தரவில்லை. எங்கள் கடைக்கு வருபவர்களில் சிலர் வருடக்கணக்கில்தான் சாப்பிடுகிறார்கள்.

2020 அக்டோபரில் மத்திய ஆயுஷ் அமைச்சகம் வெளியிட்ட கொரோனா நெறிமுறையில் அஸ்வகந்தா இடம்பெற்றது. அதில்கூட அளவு இருந்தது, பதினைந்து நாள் அல்லது ஒரு மாதம் என்று கால வரம்பும் இருந்தது. அந்த வரம்பை யாரும் நினைவில் வைக்கவில்லை. பெயர் மட்டும் ஊர் முழுதும் பரவியது. மிட்டாய் வடிவில், காபித்தூளில், குழந்தைகளின் சத்து மாவில்கூட இப்போது இதைச் சேர்த்துப் பெட்டிகளில் அடுக்கி விற்கிறார்கள். மாத்திரை உறைகளில் விதனோலைடு ஐந்து சதவீதம், பத்து சதவீதம் என்று பெருமையாக அச்சிடுகிறார்கள். விதனோலைடு என்பது இந்தச் செடியில் உள்ள வினைப்பொருள்களின் பொதுப் பெயர். காய்ந்த வேரில் அது இயல்பாக ஒரு சதவீதம்கூட இருக்காது. பாலில் அவித்து, ஏழு சரக்கோடு கலந்து, நான்கில் ஒரு பங்காகக் கொடுத்ததற்கும், பல மடங்கு செறிவாக்கி உறையில் அடைத்துக் கொடுப்பதற்கும் ஒரே பெயரைச் சொல்லி, ஆயிரமாயிரம் ஆண்டு அனுபவம் என்று விளம்பரம் செய்வது முறையல்ல. ஆயிரம் ஆண்டு அனுபவம் அந்தச் சூரணத்துக்கு உண்டு. இந்த உறைக்கு இல்லை.

இனி இலை விஷயம். நம் வைத்தியம் உள்ளுக்குக் கொடுத்தது வேரை. இலை மேற்பூச்சுக்கு. விதனோலைடுகளில் ஒன்றான விதாஃபெரின் ஏ என்ற பொருளை 1960களில் இஸ்ரேலில் விஞ்ஞானிகள் பிரித்தெடுத்தது இந்தச் செடியின் இலையிலிருந்துதான். செல்களைக் கொல்லும் தன்மை அதற்கு இருப்பதால் புற்றுநோய் ஆய்வாளர்கள் இன்றும் அதை ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். வேரைவிட இலையில் அது அதிகம். வேர் விலை கூடியது, இலையும் தண்டும் வயலில் வீணாகப் போகிறவை. விதனோலைடு சதவீதத்தைக் கூட்டிக் காட்ட இலையைச் சேர்ப்பது எளிய வழி. இது என் ஊகமல்ல. அஸ்வகந்தா இலையைப் பயன்படுத்தாதீர்கள் என்று 2021 அக்டோபரில் ஆயுஷ் அமைச்சகமே உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியது. வயலில் தண்டையும் இலையையும் வெட்டி நீக்கும் அந்த வேலைக்கு இத்தனை அர்த்தம் இருக்கிறது.

கல்லீரல் பற்றி இரண்டு செய்திகள். 2020 இல் ஐஸ்லாந்து, அமெரிக்க மருத்துவர்கள் அஸ்வகந்தா மாத்திரை சாப்பிட்ட ஐந்து பேருக்கு மஞ்சள் காமாலையும் கடும் அரிப்பும் வந்ததைப் பதிவு செய்தார்கள். அவர்களில் யாருக்கும் கல்லீரல் செயலிழக்கவில்லை. 2023 இல் இந்திய மருத்துவர்கள் வெளியிட்ட தொகுப்பில், முன்பே கல்லீரல் நோய் இருந்த சிலர் இதைச் சாப்பிட்டபின் இறந்தும் போனார்கள். அதே ஆண்டு டென்மார்க் அஸ்வகந்தாவைத் தடையே செய்துவிட்டது. அந்தத் தடை எனக்கு ஏற்புடையதல்ல. கோடிக்கணக்கானோர் சாப்பிடுகிறார்கள், பாதிக்கப்பட்டவர்கள் மிகச் சிலர். ஆனால் அந்தச் சிலர் யாராக இருக்கலாம் என்பது நமக்குத் தெரியும். ஏற்கெனவே கல்லீரல் கெட்டவர், தினம் குடிப்பவர், பல மாத்திரைகளைச் சேர்த்து விழுங்குபவர். கண் மஞ்சளா என்று பார்த்த மாமாவின் கேள்வி அவர்களைக் காப்பாற்றியிருக்கும். பக்கவிளைவே இல்லை என்ற உங்கள் வரி காப்பாற்றாது.

தைராய்டு மாத்திரை சாப்பிடும் பெண்கள் இல்லாத தெரு இன்று உண்டா? இந்த வேர் தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடும். மாத்திரையும் இதுவும் சேர்ந்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், தூக்கம் இன்னும் கெடும். எங்கள் பக்கத்துத் தெரு ஆசிரியை ஒருவர் இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். படபடப்பு கூடியதும் அமுக்கரா போதவில்லை என்று நினைத்து இன்னும் அளவைக் கூட்டக் கேட்டு வந்தார். அன்று அவரை டாக்டரிடம் அனுப்பினோம். தூக்க மாத்திரை, வலிப்பு மருந்து சாப்பிடுபவர்களுக்கு மயக்கம் கூடும். சர்க்கரை, ரத்த அழுத்த மருந்து சாப்பிடுபவர்களுக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ மிகவும் தாழலாம். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இதையெல்லாம் நான்கு வரியில் அச்சிட்டுவிடலாம்.

அமைதி தரும் வேர் ஒன்றை உலகம் இதற்கு முன்பும் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது. சர்ப்பகந்தா. வட இந்தியாவில் பித்துப் பிடித்தவர்களுக்கு நெடுங்காலமாகக் கொடுத்துவந்த வேர் அது. 1931 இல் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு வங்காள மருத்துவர்கள் மனநோய்க்கும் ரத்தக்கொதிப்புக்கும் அது பயன்படுவதை எழுதினார்கள். 1949 இல் பம்பாயின் ரஸ்தம் ஜால் வக்கீல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதியபிறகு உலகமே திரும்பிப் பார்த்தது. 1952 இல் சுவிட்சர்லாந்தில் அதிலிருந்து ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். சில ஆண்டுகள் எங்கும் அதே பேச்சு. பிறகுதான் அதைச் சாப்பிட்ட சிலர் ஆழ்ந்த மனச்சோர்வில் விழுவதைக் கண்டார்கள், அளவைக் குறைத்தார்கள், யாருக்குக் கூடாது என்று எழுதிவைத்தார்கள். அந்தக் கண்டுபிடிப்பு நம் வேரின் பெருமையைக் குறைக்கவில்லை. மருந்தை மருந்தாக நடத்தினார்கள், அவ்வளவுதான். அமுக்கராவுக்கும் அந்த மரியாதையைத்தான் கேட்கிறேன்.

உங்கள் பத்திரிகையை எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக வாங்குகிறோம். நீங்கள் அச்சிட்டால் ஊர் நம்புகிறது. எனவே உரிமையோடு கேட்கிறேன். மூலிகை பற்றி எழுதும் ஒவ்வொரு முறையும் எந்தப் பாகம், எவ்வளவு, எத்தனை நாள், யாருக்குக் கூடாது என்ற நான்கையும் போடுங்கள். தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியிலும் இதற்கென்றே படித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். அச்சுக்குப் போகுமுன் அவர்களில் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் கடைகளில் மாதிரி எடுத்து இலை கலந்திருக்கிறதா என்று பார்த்து, முடிவைப் பெயரோடு வெளியிட வேண்டும் என்பதை உங்கள் தலையங்கத்தில் கேளுங்கள். எங்கள் கடையிலும் எடுக்கட்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சித்த அல்லது ஆயுர்வேத மருந்தாகத் தயாரித்ததா, பதினான்கு இலக்க உணவு உரிம எண் மட்டும் போட்டு உணவாக விற்பதா என்பது பின்பக்கத்தில் தெரியும். வேர் என்ற சொல் இல்லையென்றால் வாங்காதீர்கள். வேர்ப் பொடி மங்கிய வெள்ளையாக, சந்தனச் சாயலில் இருக்கும். பச்சை நிறம் தட்டினால் கேள்வி கேளுங்கள். முடிந்தால் வேராகவே வாங்கி, கடையிலேயே ஒன்றை ஒடித்துப் பாருங்கள். கடைக்காரர் கோபித்துக்கொண்டால் அடுத்த கடைக்குப் போங்கள்.

இப்படிக்கு,
நாட்டு மருந்துக் கடை நடத்தும் உங்கள் வாசகி,
விருதுநகர்.